புல்லுக்கு ஒரு வக்காலத்து

தமிழில் புல்லைப்போல் அவமானப்பட்ட பொருள் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஒருவனைக் கேவலமாகச் சொல்ல வேண்டுமானால் 'புல்லன்' என்கிறோம். அற்பத்தனத்துக்குப் 'புன்மை' என்று பெயர் வைத்திருக்கிறோம். எப்பேர்ப்பட்ட புருஷனானாலும் மனைவி சகித்துக்கொள்ள வேண்டும் என்று உபதேசம் செய்ய வந்த பழமொழி, கல்லுக்கு அடுத்தபடியாகத் தேடிப் பிடித்தது புல்லைத்தான். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று மீசையை முறுக்குகிறோம். வாஸ்தவம், தின்னாதுதான். ஆனால் அந்தப் புலி தின்கிற மான் எதைத் தின்று சதை பிடித்தது என்று பழமொழி விசாரிப்பதில்லை.

இந்த இளக்காரம் சொல்லோடு நின்றிருந்தால் அதைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை. அது சொல்லிலிருந்து இறங்கி மண்ணுக்கு வந்துவிட்டது. நெல் நின்றால் அது வயல்; மரம் நின்றால் அது காடு; இரண்டும் நிற்காமல் புல் மட்டும் நின்றால் அது தரிசு, பொட்டல், வீண் நிலம். வெள்ளைக்காரன் தன் வரிக்கணக்கில் எழுதி வைத்துவிட்டுப் போன வார்த்தை இது. அவன் 1947-இல் போனான், வார்த்தை போகவில்லை. வானத்திலிருந்து படம் பிடித்து நம்முடைய சர்க்கார் வெளியிடுகிற தரிசு நிலப் படத் தொகுப்பிலே கூட, புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் பல இடங்களில் அந்தப் பட்டியலிலேதான் உட்கார்ந்திருக்கின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். புல்வெளி என்பது மரம் முளைக்கத் தவறிய காடு அல்ல. அது தனியான ஒரு ராஜ்யம். அதற்கென்று குடிகள் உண்டு, தொழில் உண்டு, வயது உண்டு. அதன் வயது நம் சரித்திரத்தின் வயதைவிடப் பெரியது. இதை ஒப்புக்கொள்ளாதவரை நாம் செய்கிற வனபோஜனமும், மிருகக் காட்சிப் பிரயாணமும், மரம் நடு விழாவும் எல்லாம் ஒரே அறியாமையின் வெவ்வேறு வேஷங்கள்தாம்.

இரவிகுளத்தைப் பற்றி வாசகர்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூணாறுக்குப் போகிறவர்கள் அநேகமாக அங்கேயும் போகிறார்கள். கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா அது. 1975-இல் சரணாலயமாக்கி, 1978-இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் ராஜமலை என்கிற ஒரு சிறு பகுதிக்குள் மட்டும் நம்மைப் போன்றவர்களை விடுகிறார்கள். மற்றதெல்லாம் வரையாட்டுக்கும், யானைக்கும், காற்றுக்கும் உரியது. ஐந்தாம் மைலில் நம் வண்டியை நிறுத்திவிட்டு வன இலாகாவின் பஸ்ஸில் ஏறினால், தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் மலை திடீரென்று மொட்டையாகத் திறந்துகொள்கிறது. எதிரே ஆனைமுடி, 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே அதைவிட உயரமான சிகரம் இல்லை. அதன் தோளிலிருந்து பாதம் வரையில் புல். மடிப்பு மடிப்பாகப் புல். மடிப்புகளின் இடுக்கில் மட்டும், யாரோ சேலையைச் செருகியதுபோல, கறும்பச்சையாகச் சோலைகள்.

அங்கே சென்ற முறை என்னோடு பஸ்ஸில் வந்தவர்களில் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. பெரியவர் விவசாயி, தோப்பும் வயலும் உள்ளவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. இறங்கி நடக்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் அவருடைய மனைவி கேட்டார்:

"ஏனுங்க, இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான் போலிருக்குது. ஆடு நிக்குது பாரு. நம்ம பக்கம் பட்டி பட்டியாக் கெடக்குது. இதுக்கா டிக்கெட்டு!"

"ஒரு மரத்தையும் காணமே! நெழலுக்குக்கூட ஒதுங்க முடியல."

"இத்தனை பூமியைச் சும்மா போட்டு வெச்சிருக்கறாங்க. நாலு மரம் வெச்சிருந்தா மழையாவது பேயும்."

சாலையோரத்தில் நின்றிருந்த காவலர் மலைக்காரர். முதுவர் குடியைச் சேர்ந்தவர். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். தினமும் கேட்டுச் சலித்த வார்த்தைகளுக்கு மனிதர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. அந்தக் குடும்பத்தின் பேத்தி மட்டும், எட்டு வயதிருக்கும், சாலையோரத்து ஈரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். ஒரு சின்னச் செடியின் இலை முழுக்கப் பனித்துளி. வெயில் ஏறியும் உலராத பனித்துளி. அழுகண்ணி என்கிற செடி அது. அந்தத் துளி பனி அல்ல, பசை. உட்காருகிற பூச்சியைப் பிடித்துத் தின்று பிழைக்கிற செடி. காவலர் குனிந்து அவளுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டனார், "வா கண்ணு, பஸ்ஸு போயிரும்" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெரியவரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது அவருடைய சொந்த அபிப்பிராயமும் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி, மந்திரிகள் மேடையில் பேசி, ரேடியோவும் டெலிவிஷனும் ஓதி, நம் எல்லாருக்குள்ளும் ஊறிப்போன அபிப்பிராயம் அது. மரம் புண்ணியம், புல் வெறுமை. ஆனால் அவர் அறியாத ஒரு விஷயம் உண்டு. அவர் நின்றுகொண்டிருந்த அந்த மலைத் தொகுதியிலிருந்து கிழக்கே இறங்குகிற தண்ணீர் பாம்பாற்றில் சேர்கிறது; பாம்பாறு அமராவதியில் சேர்கிறது; அமராவதி அணையிலிருந்து உடுமலைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. அவருடைய நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிற நீரில் ஒரு பங்கு, அவர் "சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்" என்று சொன்ன பூமியிலிருந்து வருகிறது.

எப்படி வருகிறது? மழை மாதங்களில் மேற்கேயிருந்து வருகிற மேகம் அந்த மேட்டில் முட்டி நாட்கணக்கில் கொட்டுகிறது. அத்தனை தண்ணீரும் அன்றைக்கே உருண்டு ஓடிவிட்டால் கீழே வெள்ளம்; மறு மாதம் வறட்சி. புல்லின் வேர்கள் மண்ணை ஒரு கடற்பஞ்சுபோல் பின்னி வைத்திருக்கின்றன. மேலே பெய்தது உள்ளே இறங்குகிறது; பள்ளத்துச் சதுப்பிலும் சோலையிலும் தங்குகிறது; அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, சிக்கனக்காரி கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி அளக்கிற மாதிரி, ஓடைக்கு அளந்து விடுகிறது. கோடையிலும் அந்த ஓடை வற்றாமலிருக்கிறதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான்.

"அப்படியானால் மரம் வைத்தால் இன்னும் அதிகமாகத் தண்ணீர் நிற்குமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலை யூகித்துச் சொல்ல வேண்டியதில்லை. அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். நீலகிரியில் மண்வள ஆராய்ச்சிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றை இயற்கையாக விட்டார்கள். இன்னொன்றின் புல்வெளியில் யூகலிப்டஸ் வைத்தார்கள். 1972 முதல் 1981 வரை இரண்டிலிருந்தும் இறங்குகிற தண்ணீரை அளந்து வந்தார்கள். தைலமரம் வைத்த பக்கத்தில் தண்ணீர் சுமார் 16 விழுக்காடு குறைந்துபோயிற்று. மரம் மழையைக் கொண்டுவரும் என்று நாம் பாடிக்கொண்டிருந்தபோது, அந்த மரம் ஓடையைக் குடித்துக்கொண்டிருந்தது.

நீலகிரி என்று சொன்னதால் அதன் கதையையும் சொல்லிவிட வேண்டும். இரவிகுளத்தில் இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிற காட்சி ஒரு காலத்தில் உதகமண்டலத்தைச் சுற்றிலும் இலவசமாக இருந்தது. 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது அவர் கண்டது அந்தப் புல்லும் சோலையும்தான். தோதவர்களின் எருமைகள் மேய்ந்த புல். அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை தந்த புல். அந்தப் புல் புனிதம் என்று அந்த ஜனங்கள் நினைத்தார்கள். வந்த துரைமாருக்கோ அது தங்கள் ஊர்க் குன்றுகளை நினைவுபடுத்தியது. குதிரை ஓட்டவும் குள்ளநரி வேட்டையாடவும் வசதியாயிருந்தது. ஆனால் குளிருக்கு விறகு வேண்டுமே! 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் யூகலிப்டஸும் வந்து இறங்கின.

இதுவரைக்கும் பழியை வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகக் காப்பி குடிக்கலாம். ஆனால் அவன் வைத்தது ஊர்களைச் சுற்றித்தான் பெரும்பாலும். புல்வெளியின் நெஞ்சிலே போய் மரத்தை நட்டது சுதந்திர பாரதத்தின் ஐந்தாண்டுத் திட்டங்கள். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும். செயற்கைப் பட்டு நூற்க மரக்கூழ் வேண்டும். இரண்டுக்கும் நிலம் வேண்டும். நிலம் எங்கே இருக்கிறது? அதோ, மலைமேல் 'சும்மா' கிடக்கிறது! சோலையைக்கூட அதிகம் வெட்டவில்லை. புல்லை உழுது மரம் நட்டார்கள். அதற்குக் 'காடு வளர்ப்பு' என்று பெயரும் கிடைத்தது. புல்வெளியின் பள்ளத்தாக்குகளில் இன்னும் சிலவற்றைக் குந்தா மின்திட்டத்தின் அணைகள் மூழ்கடித்தன. மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. இந்தக் கட்டுரையையும் மின்விளக்கில்தான் எழுதுகிறேன். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று ஒரு வரி கணக்காவது எழுதியிருக்க வேண்டாமா? வயலை மூழ்கடித்தால் நஷ்டஈடு. காட்டை வெட்டினால் விசாரணை. புல் மூழ்கினால்? பெயரில்லாத ஒன்று செத்துப்போனால் யார் தீட்டுக் காப்பது?

கூழுக்கும் பட்டைக்கும் வேளை முடிந்தது. மரம் நடுவது நின்றது. ஆனால் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் தூங்கும். நெருப்புப் பட்டால் விழித்துக்கொள்ளும். ஒன்றை வெட்டினால் நூறு முளைக்கும். நட்ட இடத்தை விட்டு நடாத புல்வெளிக்குள்ளும் தானாகவே நடந்து போகிறது. நீலகிரியிலும், பழனி மலையிலும் 1970-களுக்குப் பிறகு புல்வெளி சுருங்கிக்கொண்டே வந்ததை வானத்திலிருந்து எடுத்த படங்கள் காட்டுகின்றன. கொடைக்கானலுக்கு மேலே போய் "ஆஹா, என்ன அடர்ந்த காடு!" என்று நாம் படமெடுத்துக்கொள்கிற இடங்களில் அநேகம், புல்வெளியின் சமாதி. தோதவர்கள் தங்கள் கோயிலைக் கூரை வேய வேண்டிய காலம் வந்தால், முன்பு காலடியில் கிடந்த அந்தச் சதுப்பு நிலத்துப் புல்லை வெகுதூரம் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஒரு வாதத்தைக் கொண்டுவருவார்கள். "இந்தப் புல்வெளியே இயற்கை அல்ல. மலைஜாதியார் காட்டைக் கொளுத்திக் கொளுத்தி உண்டாக்கினது. பழையபடி மரம் வைப்பதுதான் பிராயச்சித்தம்" என்பார்கள். வெகு காலம் இப்படித்தான் நம்பினார்கள். நீலகிரியில் சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. அங்கே செத்த புல்லும் இலையும் முழுக்க மக்காமல், அடுக்கடுக்காகக் கரிய மண்ணாக உறைந்து கிடக்கின்றன. கீழே போகப் போகப் பழமை. 1990-களில் விஞ்ஞானிகள் அந்த மண்ணைத் தோண்டி எடுத்து, அதில் மிஞ்சிய கரி புல் தந்ததா மரம் தந்ததா என்று சோதித்தார்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. காலம் ஈரமானபோது சோலை விரிந்திருக்கிறது; குளிர்ந்து வறண்டபோது புல் விரிந்திருக்கிறது; இரண்டும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. உழவனும் இல்லை, மேய்ப்பனும் இல்லை, கலெக்டரும் இல்லை; அப்போதே புல் இருந்தது. அதை மலைஜாதியாரின் குற்றம் என்று எழுதுவது, பாட்டியைப் பேரன் பெற்றான் என்று சொல்வதுபோல.

சரி, நீலகிரிக்கு நேர்ந்த கதி இரவிகுளத்துக்கு ஏன் நேரவில்லை? நம்முடைய ஞானத்தினாலா? இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, துப்பாக்கியினால்! கண்ணன் தேவன் மலையில் தேயிலை போட்ட துரைமார்கள், வரையாட்டைச் சுட்டு விளையாடுவதற்காக அந்த மேட்டைத் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். பயிர் வைக்கவில்லை, மரம் வைக்கவில்லை. 1971-இல் கேரள சர்க்கார் சட்டம் போட்டு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டபோது, அதிர்ஷ்டவசமாக, அதைக் கூறு போடாமல் காப்பிடமாக ஆக்கினார்கள்.

குஜராத்தில் பாவ்நகருக்குப் பக்கத்தில் வேளாவதர் என்று ஒரு புல்வெளி இருக்கிறது. அங்கேயும் இதே கதைதான். பாவ்நகர் மகாராஜாக்கள் பழக்கின சிவிங்கிப்புலியை விட்டு வெளிமானை வேட்டையாடுவதற்காகக் காத்து வைத்த மேய்ச்சல் நிலம் அது. 1976-இல் தேசியப் பூங்காவாயிற்று. முப்பத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர்தான். மானின் கூட்டம் இன்று ஓடுகிறது. மழைக்குப் பின் வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் வந்து அந்தப் புல்லிலே நூற்றுக்கணக்கில் இரவு தங்குகின்றன. துரத்தின சிவிங்கிப்புலிதான் இல்லை. இந்தியாவில் அது அற்றுப்போயிற்று என்று 1952-இல் அறிவித்தார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோவில் விட்டோம். ஓடுவதற்கென்றே பிறந்த மிருகத்தை ஆகாய விமானத்தில் அழைத்து வந்துவிட்டோம். அது ஓடுகிற பூமியை மட்டும் இன்னும் தரிசுக் கணக்கில் வைத்திருக்கிறோம்.

வேட்டைக்காரர்களைப் புகழ்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் கொன்றார்கள். ஆனால் கொல்ல வந்தவனுக்கு ஒன்று தெரிந்திருந்தது: மிருகம் வேண்டுமானால் அதன் புல் வேண்டும். காமிராவும் செல்போனும் கொண்டு அன்பு செலுத்த வருகிற நமக்கு அது தெரியவில்லை. நமக்கு மிருகம் வேண்டும். அதுவும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் வேண்டும். நம்மோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள வேண்டும். புல் மட்டும் வேண்டாம்; அது காட்சியை மறைக்கிறது!

வரையாடு நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. உலகத்தில் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. சங்கப் புலவர்கள் வருடை என்று பாடின மலையாடு இதுதான் என்று சொல்கிறார்கள். நீலகிரி முக்குருத்தியில் அதற்காகவே 1982-இல் சரணாலயம் வைத்து, 1990-இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் 25 கோடி ரூபாய்ச் செலவில் வரையாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. கேரளத்தோடு சேர்ந்து எண்ணினார்கள். தமிழ்நாட்டில் 2024-இல் 1,031; 2025-இல் 1,303. சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம்தான். அந்தத் திட்டத்தில் சீகையை அகற்றிப் புல்லை மீட்கிற வேலையும் இருக்கிறது என்பது இன்னும் சந்தோஷம். ஆனால் 1,303 என்கிற எண்ணைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தியில் அடங்கிவிடுகிற கூட்டம். ஒரு மாநிலத்தின் அடையாளமாக நாம் பொறித்துக்கொண்ட ஒரு ஜாதி, அந்த மாநிலத்தில் மொத்தமும் அவ்வளவுதான். அதன் பாதுகாப்பு செங்குத்துப் பாறை. அதன் சாப்பாடு புல். பாறையை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

இன்னொரு வாதமும் உண்டு. அதை நான் மதிக்கிறேன். "நீர் டிக்கெட் வாங்கிக்கொண்டு புல் பார்க்க வருகிறீர். மலையில் பிழைக்கிறவனுக்குக் குளிருக்கு விறகு வேண்டும், கூலி வேண்டும். சீகை மரம் அவனுக்கு விறகு தருகிறது. நீர் வெட்டச் சொல்கிறீரே?" என்பது அது. உண்மை. ஏழையின் அடுப்பை அணைத்துவிட்டுப் புல்லைக் காப்பாற்றுகிறவன் நீதிமான் அல்ல. சீகையின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன என்பதும் உண்மை. அங்கே கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் சீகையே மறுபடி எழும். ஆகவே எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, வெட்டினதை யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அந்த மலையை அறிந்தவர்கள், தோதவரும் முதுவரும் உட்பட, கூடி முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் போனதை மீட்பது இவ்வளவு கஷ்டமென்றால், இருப்பதில் கை வைக்காமலிருப்பது எவ்வளவு சுலபம்! அதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஒன்றும் செய்யாமலிருக்கிற புத்தி போதும். அதுதான் நமக்கு மிகவும் கஷ்டமான காரியமாக இருக்கிறது. ஒரு வெற்றிடத்தைக் கண்டால் நமக்குக் கை அரிக்கிறது. மரமோ, சிலையோ, கட்டடமோ, ஏதாவது ஒன்றை நட்டால்தான் தூக்கம் வருகிறது.

இனி, பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. குறிஞ்சி பூத்த 2018-இல் மலையெல்லாம் நீலமாகும் என்று எத்தனையோ குடும்பங்கள் லாட்ஜில் அறை பிடித்து வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தது, சாலைகள் அறுந்தன. குறிஞ்சி அதற்காகக் காத்திருக்கவில்லை. பூத்துவிட்டு அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்குப் போய்விட்டது. "எங்கள் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்று அலுத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். ஒரு நாள் பூக்கிற மலையைப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு, பூக்காத நாலாயிரம் நாட்களிலும் அந்த மலை அங்கேயே இருக்கிறது என்பது தோன்றவில்லை.

வரையாடு குட்டி போடுகிற பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்தை மூடி வைக்கிறார்கள். அதற்கும் முணுமுணுப்பு. நம் வீட்டில் பிரசவமானால் வாசலில் வேப்பிலை செருகி, வந்தவர்களைத் திண்ணையோடு அனுப்பின ஜனங்கள்தானே நாம்? அந்த மரியாதையை ஓர் ஆட்டுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

போகிறவர்கள் காலையில் போங்கள். நூறு அடி நடந்து கூட்டத்தை முன்னே போகவிட்டு நில்லுங்கள். பேசாமலிருங்கள், இதுதான் நம்மவர்களுக்கு மலையேறுவதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு புல் ஒரே நிறமல்ல என்பது தெரியும்: வைக்கோல், செம்பு, பாசி, எத்தனையோ நிறம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று புல் சொல்லும். நெட்டைக்காலி என்று ஒரு சின்னப் பழுப்புக் குருவி புல்லுக்கடியிலிருந்து எழும்பிச் சிறிது பறந்து மறுபடி புல்லுக்குள் விழும். இந்த மலைப் புல்வெளியை விட்டால் அதற்கு உலகத்தில் வேறு வீடு இல்லை. அதன் கூடு தரையில், புல்லின் அடித்தூரில். பக்கத்தில் ஒரு சீகைமரம் வளர்ந்தால் அது இடம் பெயரும். பத்து மரம் வளர்ந்தால் பெயர்வதற்கு இடம் இராது. இத்தனையும் தெரிந்த பிறகு ஒரு வரையாட்டுக் கிடா பாறை விளிம்பில் வந்து நின்றால், அதை ஆடு என்று சொல்ல நா எழாது.

கதை எழுதுகிற எனக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். கதைக்காரனின் தொழிலே, யாரும் கவனிக்காதவர்களைக் கவனிக்கச் செய்வதுதானே? ஊரில் பெரிய மனிதர்களைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். மூலையில் உட்கார்ந்து வீட்டையே தாங்குகிற ஒரு விதவை அத்தையைப் பற்றி யாராவது ஒருவன் எழுதினால்தான் அவள் இருந்தாளென்பதே தெரியவருகிறது. மரம் பெரிய மனிதர். அதற்கு விழா உண்டு, கவிதை உண்டு, மந்திரி உண்டு. புல் அந்த அத்தை.

ஆகையால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சர்க்காருடைய பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதியிருக்கிற ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அங்கே என்ன மேய்கிறது, என்ன கூடு கட்டுகிறது, எந்த ஓடை புறப்படுகிறது என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதட்டும். அதற்குப் பிறகும் அது தரிசென்று தோன்றினால் எழுதிக்கொள்ளட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை மலையூர்ப் பள்ளியிலிருந்து வந்து, "அப்பா, நாளைக்கு மரம் நடு விழா, கன்று வாங்க ஐம்பது ரூபாய் வேண்டும்" என்று கேட்டால், ரூபாயைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?" பிள்ளை, "ஒன்றுமில்லை, வெறும் புல்தான்" என்று சொன்னால் ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே அழைத்துக்கொண்டு போய் அரை நாள் உட்கார வையுங்கள்.